ஊருக்குள் கலையோடு போகிறவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் சமூகக் கலைப்பணி செய்ய ஒரு முழு வழிகாட்டி

"காசு எவ்வளவு தருவியள் பிள்ளை?"

சனசமூக நிலையத்து வாங்கில் இருந்து பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், நான் யாரென்று சொல்லி முடிப்பதற்குள் இதைக் கேட்டார். காசு கொண்டு வரவில்லை, ஊர்ப் பிள்ளைகளோடு சேர்ந்து நாடகம் செய்ய, படம் கீற, பாட்டுக் கட்ட வந்திருக்கிறோம் என்றேன். கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "போன முறை வந்தவை கோழிக்குஞ்சு தந்தவை. அதுக்கு முந்தி வந்தவை தையல் மெசின்." குரலில் கோபம் இல்லை. கணக்கு ஒப்புவிப்பது போலச் சொன்னார். 2009இல் போர் முடிந்த பிறகு எத்தனையோ திட்டங்கள் வந்து, பதாகை கட்டி, படம் எடுத்து, போய்விட்டன. அந்த வரிசையின் கடைசி ஆளாகத்தான் நீங்கள் ஊருக்குள் நுழைகிறீர்கள்.

நாடகமும் அரங்கியலும் படித்து முடித்துவிட்டு ஊருக்குள் ஏதாவது செய்ய நினைப்பவர்கள், நிறுவனங்களின் கள உத்தியோகத்தர்கள், சொந்த ஊரிலேயே தொடங்க விரும்பும் ஆசிரியர்கள், இவர்களை நினைத்து எழுதுகிறேன். ஒரு சுற்று என்பது ஏறத்தாழ ஆறு மாத வேலை. அதில் ஆற்றுகை, அதாவது சனத்துக்கு முன்னால் ஆடிக் காட்டுவது, நடப்பது ஒரு நாளோ இரண்டு நாளோதான். பக்கத்துக் குறிச்சிக்காரரோடு ஒருநாளும் ஒரே பாயில் இருந்திராத ஒருவர் வந்து இருந்தாரா என்றுதான் நான் இந்த வேலையை அளப்பது. நாடகம் நன்றாக வந்ததா என்ற கேள்வி அதற்குப் பிறகு.

முன்னால் போனவர்களை அறிந்துகொள்ளுங்கள்

நீங்கள் முதல் ஆள் இல்லை என்று தெரிந்தால் பாதித் திமிர் போய்விடும். திருமறைக் கலாமன்றத்தை அருட்தந்தை மரிய சேவியர் 1965இல் தொடங்கினார். குழந்தை ம. சண்முகலிங்கம் முன்னின்று உருவாக்கிய நாடக அரங்கக் கல்லூரி 1978இல் வந்தது. அவர் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' 1985இல் பல்கலைக்கழக மாணவர்களோடு ஊர் ஊராகப் போனது. செயல் திறன் அரங்க இயக்கம் பாடசாலைகளுக்கும் கிராமங்களுக்கும் நாடகத்தைக் கொண்டு போனது. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்கா, போருக்குள் வளர்ந்த பிள்ளைகளுக்குக் களிமண்ணையும் வர்ணத்தையும் கதையையும் கொடுத்தது. பார்வையாளரே எழும்பி வந்து நாடகத்தை மாற்றும் விவாத அரங்கு, பிரேசில் நாட்டு அகஸ்தோ போவாலிடமிருந்து நமக்கு வந்தது.

இவற்றில் வேலை செய்தவர்கள் பலர் இன்னும் இங்கேயே இருக்கிறார்கள். ஒரு பின்னேரம் தேத்தண்ணி குடிக்கப் போய் அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "எந்த ஊரில் சரிவரவில்லை, ஏன் சரிவரவில்லை?" வெற்றிக் கதைகளை எங்கேயும் வாசிக்கலாம். சரிவராத கதைகளை ஆள் வாயால்தான் கேட்க வேண்டும்.

வாசலால் போங்கள்

யாழ். மாவட்டத்தில் 15 பிரதேச செயலகப் பிரிவுகளும் 435 கிராம அலுவலர் பிரிவுகளும் உள்ளன. ஒன்றை எடுங்கள், அதிகம் போனால் இரண்டு. பிரதேச செயலகத்துக்கு ஒரு கடிதம், கலாசார உத்தியோகத்தரோடு ஒரு சந்திப்பு, பிறகு கிராம அலுவலர். ஊரில் இன்னமும் சிலர் அவரை விதானையார் என்றுதான் சொல்வார்கள். பாடசாலைக்குள் போவதென்றால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் தவிர்க்காதீர்கள். பின்னால் யாராவது "ஆரைக் கேட்டு வந்தனீர்?" என்று கேட்டால் காட்ட ஒரு துண்டாவது கையில் இருக்க வேண்டும்.

கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் சபை, பங்குத்தந்தை, எல்லோரையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். எந்த ஒருவருடைய ஆளாகவும் ஆகிவிடாதீர்கள். முதல் கிழமை யாருடைய மோட்டார் சைக்கிளில் ஏறி ஊரைச் சுற்றினீர்களோ, அவருடைய ஆளாகத்தான் ஆறு மாதமும் பார்க்கப்படுவீர்கள். நடந்து போங்கள், இல்லாவிட்டால் சொந்தச் சைக்கிளில் போங்கள்.

எந்த இடம், எந்த நேரம்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள். யாழ்ப்பாணத்தில் இடம் என்றால் பாதி சாதிதான். சாதியைக் காட்டி ஆளை மறிப்பதைக் குற்றமாக்கிய சமூகக் குறைபாடுகளுக்கு எதிரான சட்டம் 1957இலேயே வந்தது. 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில், சாதியால் மறிக்கப்பட்ட சனம் ஆலயப் பிரவேசத்துக்காக நின்றது. அதெல்லாம் பழங்கதை என்று யாரும் சொன்னால், உங்கள் ஊர் வாசிகசாலைக்கு முன்னால் மூன்று பின்னேரம் சும்மா இருந்து பாருங்கள். யார் உள்ளே போய் வாங்கில் இருக்கிறார்கள், யார் வாசலில் நின்று பேப்பரைக் கேட்டு வாங்குகிறார்கள், யார் தலையைத் திருப்பாமல் கடந்து போகிறார்கள்? கடந்து போகிறவர் நிற்கக்கூடிய இடம் எதுவோ அதுதான் உங்கள் இடம்.

எங்களுக்கு ஓர் ஊரில் அது பாடசாலைக்குப் பின்னால் நின்ற வேப்பமரத்தடி. இன்னோர் ஊரில் கரைவலை இழுப்பவர்கள் தங்கும் வாடி. நல்ல மண்டபம் இருக்க ஏன் மண்ணில் இருக்க வேண்டும் என்று சங்கத் தலைவர் கேட்டார். காற்று நல்லாக இருக்கும் என்று சொல்லித் தப்பினோம். முழு உண்மையையும் முதல் நாளே சொல்லத் தேவையில்லை.

நேரத்தை ஊர்தான் வைக்கும். கடற்கரை ஊரில் வலையும் மீனும் நாளை எப்படிப் பிரிக்கின்றன என்று கேளுங்கள். தோட்ட ஊரில் வெங்காய நடுகைக் கிழமையில் யாரும் வரமாட்டார்கள். பிள்ளைகளின் நாளை ரியூட்டரிகள் பிடித்து வைத்திருக்கின்றன, எனவே ரியூசன் அட்டவணையை வாங்கி அதற்கு நடுவில் இடம் தேடுங்கள். வெள்ளி கோயில், ஞாயிறு பூசை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் கணக்கில் இல்லை. ஒக்ரோபரில் மாரி தொடங்கினால் திறந்தவெளியை மறந்துவிடுங்கள். அதனால் தை கழியத் தொடங்கி ஆடிக்குள் முடிப்பது நல்லது.

முதல் மூன்று கிழமை: கமெரா வேண்டாம், கொப்பி வேண்டாம்

"உங்கள் ஊரின் பிரச்சினைகள் என்ன?" என்று கேட்காதீர்கள். கேட்டால் றோட்டு, மலசலகூடம், வேலைவாய்ப்பு என்று முந்தி வந்தவர்களுக்குச் சொன்ன அதே பட்டியல் வரும். அதற்குப் பதிலாக, இந்த ஊரில் கடைசியாகக் கூத்து ஆடியது எப்போது, யார் ராசாவாக ஆடினார், அந்த உடுப்பு இப்போது யார் வீட்டில் கிடக்கிறது என்று கேளுங்கள். ஒரு பாட்டு வரும், அதோடு ஒரு சண்டை வரும், அதோடு ஒரு காதல் கதையும் வரும். ஊர்ப் பிரச்சினைகள் அதற்குள்ளே இருக்கும்.

இரண்டாம் கிழமை ஊர்ப்படம் கீறுங்கள். செலவில்லாத வேலை. பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்று, அடுப்புக்கரி, மஞ்சள் தூள், கோலமா, சிரட்டை, ஊரிக்கற்கள். விரிப்பை நிலத்தில் பரப்பிவிட்டு வயதான பெண்களை முதலில் கூப்பிடுங்கள். ஆண்களிடம் முதலில் கரியைக் கொடுத்தால் கோயிலும் றோட்டும் கீறிவிட்டு எழும்பிவிடுவார்கள். பெண்கள் கிணற்றில் தொடங்குவார்கள். வழுக்கையாற்றை விட்டால் யாழ்ப்பாணத்தில் ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை, அதிலும் மாரியில் மட்டும்தான் தண்ணீர் ஓடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கும் நீரைத்தான் எல்லோரும் அள்ளுகிறோம். ஆகவே எது நன்னீர், எது உவர், எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்பதெல்லாம் அந்த விரிப்பில் தானாக வந்துவிடும்.

ஒருமுறை ஓர் அம்மா சிரட்டை ஒன்றைக் கவிழ்த்து வைத்தார். மற்றவை எல்லாம் நிமிர்ந்திருந்தன. ஏன் என்று நான் கேட்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொருவர் மெல்ல அதை எடுத்து, துடைத்து, அதே இடத்தில் அதே மாதிரிக் கவிழ்த்து வைத்தார். அந்தக் கிணற்றின் கதை எங்களுக்குத் தெரிய இன்னும் இரண்டு மாதம் எடுத்தது. போருக்குள் சனம் ஊரோடு எழும்பிப் போன 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு சேர்ந்த கதை அது. இங்கே எழுத வேண்டியதில்லை. அன்றைக்கே கேட்டிருந்தால் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போயிருக்க வேண்டியதுதான். கேட்காமல் இருக்கப் பழகுவது இந்த வேலையில் நானறிந்த மிகக் கடினமான பயிற்சி.

குழு சேர்த்தல்

பன்னிரண்டு பேரிலிருந்து பதினெட்டுப் பேர் வரை போதும். முப்பது பேர் பெயர் கொடுப்பார்கள், மூன்றாம் நாள் பதினைந்தாகும். நடத்துபவர்கள் இருவர் வேண்டும், அதில் ஒருவர் கட்டாயம் பெண். பெண் பிள்ளைகள் வர வேண்டுமானால் தாயிடம் கேட்பதோடு நிற்காமல் அம்மம்மாவிடமும் கேளுங்கள். மைமலுக்கு முன்னம் வீட்டில் விடுவோம் என்று சொன்னால் அப்படியே செய்யுங்கள். ஒருநாள் அரை மணித்தியாலம் பிந்தினால் அடுத்த நாள் நாலு பேர் குறைவார்கள்.

காசு விஷயத்தில் என் நிலைப்பாடு இது: வருகிறவர்களுக்குக் காசு கொடுக்காதீர்கள், சாப்பாடு கொடுங்கள். தேத்தண்ணியும் வடையும் அல்லது பணிசும். அதை வெளியில் வாங்காமல் ஊருக்குள்ளேயே ஒருவரிடம் செய்வித்து வாங்குங்கள். அன்றைய செலவைக் கரும்பலகையில் எல்லோரும் பார்க்க எழுதுங்கள். ஆனால் கூத்துப் பழக்கும் அண்ணாவியாருக்கும் மத்தளக்காரருக்கும் உரிய வேதனத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். ஒலிபெருக்கிக்காரருக்குப் பேசிய காசைக் கொடுத்துவிட்டு, அறுபது வருஷமாக ஆடின மனிசனுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பும் வழக்கம் எங்களிடம் இருக்கிறது. வெட்கக்கேடு.

ஒரு பின்னேரம் எப்படிப் போகும்

இரண்டு மணித்தியாலம் போதும். முதல் அரை மணித்தியாலம் விளையாட்டு. வெளிநாட்டுக் கையேட்டில் உள்ள விளையாட்டுகளைத் தேடி ஓடாதீர்கள், கிளித்தட்டு இருக்கிறது. மண்ணில் கோடு கீறினால் நாற்பது வயது ஆட்களும் சேட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். கிளித்தட்டில் மறிப்பதும் ஏய்ப்பதும் உடம்புக்கு நல்ல நாடகப் பயிற்சி. முதல் தடவை சாதாரணமாக விளையாடட்டும். இரண்டாம் தடவை வாயைத் திறக்காமல், கண்ணால் மட்டும் கதைத்து விளையாடச் சொல்லுங்கள். மூன்றாம் தடவை, மறிக்கிற கோட்டுக்கு ஒரு பெயர் வைக்கச் சொல்லுங்கள். "அப்பா" என்றான் ஒரு பெடியன். "விசா" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. சரி, இனி வேலை தொடங்கலாம்.

அடுத்த ஒரு மணித்தியாலம் உறைநிலைப் படிமங்கள். மூன்று மூன்று பேராகப் பிரிந்து, பேச்சில்லாமல், உடம்பால் ஒரு காட்சி வைப்பது. பார்ப்பவர்கள் என்ன தெரிகிறது என்று சொல்வார்கள். வைத்தவர்கள் விளக்கம் சொல்லக்கூடாது. கடைசி அரை மணித்தியாலம் வட்டமாக இருந்து தேத்தண்ணி, ஒரு பாட்டு, வீடு. பாட்டோடு முடியுங்கள். கனத்த மனதோடு பிள்ளைகளை இருட்டுக்குள் அனுப்பாதீர்கள்.

அழுகை வந்தால்

வரும். போர்க் கதையைச் சொல்லச் சொல்லி யாரையும் தூண்டாதீர்கள், நடிக்கச் சொல்லவும் வேண்டாம். தானாக வந்தால் மறிக்கவும் வேண்டாம். வட்டத்தை நிறுத்திவிட்டு, நடத்துபவர் இருவரில் ஒருவர் அவரோடு கொஞ்சம் தள்ளிப்போய் இருக்க வேண்டும். தண்ணீர் கொடுங்கள். மற்றவர் குழுவைப் பார்த்துக்கொள்ளட்டும். அடுத்த நாள் வீட்டுக்குப் போய்ச் சுகம் விசாரியுங்கள். நாடகக்காரர் வைத்தியர் ஆகமாட்டார். தொடங்குவதற்கு முன்பே பக்கத்து ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவிலும், உளசமூக வேலை செய்யும் ஓர் அமைப்பிலும் பெயர் தெரிந்த ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இலக்கங்களைக் கொப்பியின் முன் மட்டையில் எழுதி ஒட்டுங்கள்: உளநலத்துக்கு 1926, சிறுவர் பாதுகாப்புக்கு 1929, பெண்களுக்கு 1938.

எந்தக் கலையை எடுப்பது

ஊரில் எது மிச்சம் இருக்கிறதோ அதை எடுங்கள். குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கத்தோலிக்கக் கூத்து மரபு. வட்டுக்கோட்டையில் வடமோடிக் கூத்து. பல ஊர்களில் காத்தவராயன் சிந்துநடைக் கூத்து. வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை விடியவிடியப் பார்த்தவர்கள் இருக்கும் ஊரில் இசைநாடகத்தை நீங்கள் அறிமுகப்படுத்தத் தேவையில்லை, வாயைத் திறந்தால் அவர்களே பாடுவார்கள்.

டெங்கு விழிப்புணர்வுக்குக் காத்தான் மெட்டில் நாலு வரி கட்டித் தாருங்கள் என்று அண்ணாவியாரிடம் போகாதீர்கள். நான் போனேன். "தம்பி, இது நேர்த்திக்கு ஆடுற கூத்து. நுளம்புக்கு வேறை பாட்டுப் பாருங்கோ," என்றார். நியாயம்தானே. பிறகு அவரிடம் ஆடல் பழக என்று மட்டும் ஆறு கிழமை போனோம். ஏழாம் கிழமை அவரே, "உங்கடை நாடகத்துக்கு ஒரு வரவுப் பாட்டுக் கட்டட்டே?" என்று கேட்டார்.

பறை விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பட்டணத்தில் இருந்து போகிறவர்களுக்கு அது "எங்கள் ஆதி இசை". அதை அடித்தவர்களின் பிள்ளைகளுக்கு, செத்த வீட்டு வாசலில் நின்ற நினைவு. தொடமாட்டோம் என்று விட்டவர்கள் இருக்கிறார்கள், நிமிர்ந்து நின்று அடிப்போம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த முடிவு அவர்களுடையது. உங்கள் பெருமைக்காக அவர்கள் கையில் பறையைக் கொடுக்காதீர்கள்.

சுவரோவியம், பாவை, வில்லுப்பாட்டு எல்லாம் நல்லவைதான். சுவரோவியத்துக்கு ஒரு சொல்: சுவருக்குச் சொந்தக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். தேர்தல் வந்தால் சுவரொட்டி அதன்மேல் ஏறும் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரதி எழுதாமல் ஒரு நாடகம்

என் பெரிய பிழை இங்கேதான் நடந்தது. குடிப்பழக்கம் பற்றி ஒரு நாடகத்தை அலுவலகத்தில் இருந்து எழுதிக்கொண்டு போனோம். கதாநாயகன் மேசன் வேலை, மூன்று பெண் பிள்ளைகள், பச்சைச் சைக்கிள். எல்லாம் எங்கேயோ கேட்டது, கலந்து எழுதினது. ஆற்றுகையின் நடுவே ஒரு பெண் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பிப் போனார். ஊரில் அப்படி ஒரு வீடு இருந்திருக்கிறது, சைக்கிளின் நிறம் கூட அதே. அந்தப் பிள்ளைகள் பிறகு எங்கள் பக்கமே வரவில்லை.

அதிலிருந்து மூன்று விதிகள் வைத்திருக்கிறேன். பிரதி குழுவின் படிமங்களில் இருந்து மட்டும் வரும். பாத்திரத்தின் தொழில், பிள்ளைகளின் தொகை, தெரு, மூன்றையும் மாற்றுவோம். ஊருக்குக் காட்டுவதற்கு முன் குழுவிடம், "இதைப் பார்த்து எந்த வீடு எழும்பிப் போகும்?" என்று கேட்போம். குழுவுக்குத் தெரியும்.

விவாத அரங்கு செய்வதாக இருந்தால் கதை பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பிரச்சினை முற்றும் இடத்தில் கதை நிற்க வேண்டும், தீர்வு காட்டக்கூடாது. நுண்நிதிக் கடன் பற்றி ஒரு பெண்கள் குழு செய்ததைச் சொல்கிறேன். ஐந்து பேர் சேர்ந்து எடுத்த கடன், ஒருவருக்கொருவர் பிணை. கிழமைக் கட்டுக்காசு நாள். ராணி என்ற பாத்திரம் வரவில்லை. காசு சேரும்வரை மற்ற நாலு பேரும் எழும்ப முடியாது. அறவிட வந்த பெடியன் கைபேசியைப் பார்த்தபடி நிற்கிறான். பள்ளிவிட்டுப் பிள்ளைகள் வரும் நேரம். நாலு பேரும் ராணியைத் திட்டத் தொடங்குகிறார்கள். அந்த இடத்தில் நிறுத்தினோம்.

நடுவே நிற்பவர் சனத்தைப் பார்த்துக் கேட்டார்: "இந்த நாலு பேரில் ஆர் எண்டாலும் வேறை மாதிரிச் செய்யலாமோ? சொல்ல வேண்டாம், வந்து செய்து காட்டுங்கோ." ஒரு நிமிடம் போனது. நீங்கள் அந்த ஒரு நிமிடத்தைத் தாங்க வேண்டும், வாயைத் திறந்து நிரப்பிவிடக்கூடாது. ஒரு இளம்பெண் வந்து அறவிடுபவனோடு சண்டை பிடித்தார், கைதட்டு விழுந்தது, ஆனால் அவன் அசையவில்லை. இரண்டாவதாக வந்தவர் தோட்டைக் கழற்றுவது போலக் காட்டினார். ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு ஒரு ஆச்சி, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, அறவிடுபவனைப் பார்க்கவே இல்லை. நாலு பேரையும் எழுப்பினார். "நடவுங்கோடி, முதல் ராணி வீட்டை போய் அவள் உயிரோடை இருக்கிறாளோ எண்டு பாப்பம்." அவ்வளவுதான். அறவிடுபவனாக நடித்த பெண்ணுக்கு அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அன்று இரவு அந்த ஊரில் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தைத் திரும்பத் தொடங்குவது பற்றிக் கதை வந்தது. நாங்கள் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

ஆடும் நாள்

சுருக்கமாகச் சொல்கிறேன். கிராம அலுவலருக்கு அறிவியுங்கள், ஒலிபெருக்கி என்றால் பொலிஸ் அனுமதி எடுங்கள். முடிந்தால் ஒலிபெருக்கியே வேண்டாம், வட்டக்களரியாகச் சனம் சுற்றி இருந்தால் குரல் போதும். மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்று யோசித்து வையுங்கள். பிரதம விருந்தினர் வேண்டாம். கட்டாயம் என்றால் பேச்சு மூன்று நிமிடம், அதுவும் ஆற்றுகைக்குப் பிறகு. முன் வரிசைக் கதிரைகளை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பாய் போடுங்கள். கதிரை போட்டால் யார் அதில் இருப்பது என்ற பழைய கணக்கு உடனே தொடங்கிவிடும்.

பிறகு

பணம் தருகிறவர்கள் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்பார்கள். அதைக் கொடுங்கள். உங்களுக்காக வேறொரு கொப்பி வைத்திருங்கள். யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தார்கள், யார் புதிதாக வாய் திறந்தார்கள், யார் வராமல் நின்றார்கள். ஒவ்வொரு பின்னேரமும் ஐந்து வரி எழுதினால் போதும், ஆறு மாதத்தில் எந்த அறிக்கையும் சொல்லாததை அது சொல்லும். படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள், பிள்ளைகளின் படத்துக்குப் பெற்றோரிடம் கேளுங்கள். அழுகிறவரின் படம் எடுக்கவே கூடாது. ஒருமுறை அறிக்கையின் அட்டைக்கு அப்படி ஒரு படம் கேட்டார்கள். கிளித்தட்டுக் கோட்டின் படத்தை அனுப்பினேன். நிராகரித்தார்கள், திரும்பவும் அதையே அனுப்பினேன்.

விட்டுப் போகும் நாளை முதல் மாதமே சொல்லிவிடுங்கள். கடைசி இரண்டு மாதமும் நீங்கள் வாசலில் நிற்க, குழுவில் இருவர் நடத்தட்டும். மத்தளம், ஊர்ப்பட விரிப்பு, உடுப்புகள், கணக்குக் கொப்பி, எல்லாவற்றையும் ஊரிலேயே வையுங்கள்.

இவற்றை வைக்கும் அலுமாரித் திறப்பு யாரிடம் இருக்கும் என்பதில்தான் கடைசிச் சண்டை வரும். எங்கள் ஊரில் சங்கத் தலைவர் தன்னிடம் வேண்டும் என்றார், விளையாட்டுக் கழகமும் கேட்டது. குழு இரண்டு பின்னேரம் இருந்து கதைத்து, திறப்பை வடை சுட்டுத் தந்த அக்காவிடம் கொடுத்தது. அவர் வீட்டுப் படலைக்குக் கொளுக்கி இல்லை. எந்தக் குறிச்சிப் பிள்ளையும் போய்க் கூப்பிடலாம்.